பதில் வராத கடிதம்: மூன்று கட்டுமான ஒப்பந்தப் படிவங்கள், என் மதிப்பீடு

ஒப்பந்தப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, எந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்கலாம்? எந்தப் படிவம் நல்லது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்தேன். இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மேசையில் இருப்பவை இவை. பல நாடுகளில் பயன்படும் ஃபிடிக் என்ற சர்வதேசப் படிவத்தின் சிவப்புப் புத்தகம், 1999 பதிப்பு. அட்டை கழன்று டேப் ஒட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் 2017 பதிப்பு. இங்கிலாந்திலிருந்து வந்த என்.இ.சி.4. அப்புறம் சி.பி.டபிள்யூ.டி என்று நாம் சொல்லும் மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகள். இது நானே அச்செடுத்து ஸ்பைரல் போட்டது. இருபத்தோரு ஆண்டுகளில் இந்த மூன்று குடும்பங்களிலும் வேலை செய்திருக்கிறேன். திருச்சிப் பக்கத்தில் சி.பி.டபிள்யூ.டி படிவத்தில் ஒப்பந்ததாரரின் ஆள். கத்தாரில் ஃபிடிக் படிவத்தில், மறுபடியும் ஒப்பந்ததாரரின் ஆள். பிறகு சென்னையில் உட்கார்ந்தபடியே இங்கிலாந்துத் திட்டம் ஒன்றில், என்.இ.சி படிவத்தில், பணி அளிப்பவரின் சார்பில் நிற்கும் திட்ட மேலாளரின் குழுவில். எதிர்ப்பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்ததால்தான் இதை எழுதும் துணிவு வந்தது.

படிவங்களை ஒப்பிடும்போது எல்லோரும் அட்டவணை போடுவார்கள்: தாமத இழப்பீடு எவ்வளவு, பில் எத்தனை நாளில், பிடித்தம் எத்தனை சதவீதம். அதெல்லாம் தேவைதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு. நான் ஒரு கடிதம் எழுதுகிறேன். பதில் வரவில்லை. அப்போது புத்தகம் என்ன சொல்கிறது? மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வோம். இந்த மூன்றில் ஒரு படிவம் அப்படியே சொல்கிறது. இன்னொன்று மௌனத்தை மறுப்பு என்கிறது. மற்றதில் மௌனம் வெறும் மௌனமாகவே கிடக்கிறது. பணிக்களத்தில் எந்தப் பக்கம் தூக்கம் கெடும் என்பதை இந்த ஒரு வேறுபாடே முடிவு செய்கிறது.

சி.பி.டபிள்யூ.டி படிவத்தில் தொடங்குகிறேன். என் முதல் படிவம் அது. நம் ஊரில் அதிகம் பேர் கையெழுத்திடுவதும் அதன் சாயலில் வந்த படிவங்களில்தான். விலை இல்லை, துறையின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மத்தியப் பொதுப்பணித் துறை மட்டுமின்றிப் பல பொதுத்துறை நிறுவனங்களும் கல்வி வளாகங்களும் இதையே எடுத்து, பெயரை மாற்றிப் பயன்படுத்துகின்றன. 2014, 2019, 2020, 2023 என்று பதிப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால், கையில் இருப்பது எந்தப் பதிப்பு, அதற்கு வந்த திருத்தச் சீட்டுகள் எவை என்று பார்க்காமல் ஒரு ஷரத்தைக்கூட மேற்கோள் காட்டக் கூடாது. உயிர் இருப்பது கடைசியில் வரும் 'எஃப்' அட்டவணையில். எந்த அதிகாரி எதை முடிவு செய்வார், எத்தனை மாதம், விலையேற்ற ஷரத்து பொருந்துமா பொருந்தாதா என்பதெல்லாம் அங்கேதான் நிரப்பப்பட்டிருக்கும். பொது நிபந்தனைகளை மனப்பாடமாகச் சொல்லும் ஒப்பந்ததாரர்கள் பலர் அந்த அட்டவணையைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நடை கடினமானது. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். 'எனினும்', 'ஆயினும் மேற்சொன்னவாறு' என்று கிளை பிரிந்துகொண்டே போகும். ஆனாலும் இந்தப் படிவத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: அளவெடுப்பு. பள்ளம் தோண்டும்போது பாறை வந்தால் மற்ற நாட்டுப் படிவங்களில் அது பெரிய தகராறு. இங்கே விலைப்பட்டியலிலேயே மண்ணுக்கு ஒரு வரி, சாதாரணப் பாறைக்கு ஒரு வரி, கடும்பாறைக்கு ஒரு வரி என்று இருக்கும். பாறையை அடுக்கி அளந்து, இடைவெளிக்குக் கழித்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, இரு தரப்பும் கையெழுத்திட்டால் பணம் உண்டு. யாருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கே இடமில்லை. இந்த எளிமையை வெளிநாட்டுப் படிவங்களைப் புகழ்பவர்கள் கவனிப்பதில்லை.

பலவீனம் காலத்தில். இதைச் சொல்ல ஒரு பதிவேட்டைக் காட்ட வேண்டும்.

தடைப் பதிவேடு, அதாவது 'ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டர்'. எங்கள் தவறில்லாமல் வேலை தடைப்பட்ட நாட்களை எழுதி வைக்கும், பழுப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு. வரிசை எண், தடையின் தன்மை, தொடங்கிய நாள், நீங்கிய நாள், வேறு தடையோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நாட்கள், நிகர நாட்கள், கடைசியில் இரண்டு கையெழுத்துகள். எங்கள் கட்டடத்தின் வடக்கு மூலைக்கு மேலே 11 கே.வி. மின்கம்பி போயிற்று. அதை மாற்றித் தர வேண்டியது பணி அளித்தவர்கள். மாற்றவில்லை. நான் முத்து முத்தாக எழுதினேன்: கம்பி, நகர்த்தப்படவில்லை, இன்ன தேதி முதல். ஒப்பந்ததாரர் கட்டத்தில் என் முதலாளியின் கையெழுத்து. பக்கத்துக் கட்டம் காலி. இளநிலைப் பொறியாளர் நல்ல மனிதர்தான். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, மேலே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுகிறேன்" என்பார். மறுநாளும் அதே. ஒன்பது பதிவுகளில் நான்குக்கு மட்டும்தான் வேலை முடியும்வரை மறு கையெழுத்து விழுந்தது. மீதி ஐந்து கட்டங்களும் வெள்ளையாகவே இருந்தன. அந்த ஐந்தாவது கட்டத்தில் தேநீர்க் குவளை வைத்த வட்டக் கறை ஒன்று உண்டு. இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

நான் வேலை செய்த பதிப்பின் 5ஆம் ஷரத்து என்ன சொன்னது? தடை ஏற்பட்ட 14 நாட்களுக்குள் ஒப்பந்ததாரர் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும், நியாயமான நீட்டிப்பைத் தருவதற்கு அது தடையாகாது. இந்த இரண்டாவது வாக்கியம் உண்மையில் பெருந்தன்மையானது. வேறு எந்தப் படிவத்திலும் இவ்வளவு தாராளத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அது அதிகாரியின் மனத்தை நம்பி நிற்கும் தாராளம். கையெழுத்துப் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பதிவேட்டைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. கடைசியில் எங்களுக்கு நாட்கள் கிடைத்தன, அதுவும் வேலை முடிந்து பல மாதங்கள் கழித்து. தண்டத் தொகை பிடிக்கவில்லை. சும்மா நின்ற கிரேனுக்கும் ஆட்களுக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

தாமத இழப்பீட்டுக்கு 2ஆம் ஷரத்தில் டெண்டர் மதிப்பில் 10 சதவீதம் உச்சவரம்பு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 74ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை மேல்வரம்புதான். கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடு. 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பேசியிருக்கிறது. ஒப்பந்ததாரர்கள் 10 சதவீதத்தை விதி என்று ஏற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள். போக வேண்டியதில்லை.

நடுவர் தீர்ப்பாயம் பற்றிய 25ஆம் ஷரத்து இப்போது நகரும் தரை. ஒரு தரப்பே நடுவரை நியமிக்கும் பழக்கத்தை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 3ஆம் தேதி மத்திய நிதியமைச்சகம், அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. பழைய பிரதியை வைத்துக்கொண்டு டெண்டர் போடுகிறவர்கள் இந்த ஒரு ஷரத்தையாவது புதிய பதிப்பில் வாசித்துவிட வேண்டும்.

இனி ஃபிடிக். பெயர் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள். ஆலோசகப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, 1913இல் தொடங்கியது, தலைமையகம் ஜெனீவாவில். சிவப்புப் புத்தகம் முதலில் வந்தது 1957இல். பணி அளிப்பவரே வடிவமைப்பைத் தரும் வேலைகளுக்கு அது. ஒப்பந்ததாரரே வடிவமைத்தால் மஞ்சள், முழுப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டினால் வெள்ளி. 1999 பதிப்பில் 20 ஷரத்துகள். ஆங்கிலம் தெளிவாக இருக்கும். எண் அமைப்பு ஒரு முறை மனத்தில் பதிந்தால் போதும்: 4.12 என்றால் எதிர்பாராத நிலத்தடி நிலை, 8.4 என்றால் கால நீட்டிப்பு, 14.7 என்றால் பணம், 20.1 என்றால் க்ளெய்ம், அதாவது கூடுதல் நாளோ பணமோ கேட்கும் கோரிக்கை. வளைகுடாவில் தமிழர், மலையாளி, பிலிப்பினோ, எகிப்தியர் என எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து எண்களாலேயே பேசிக்கொள்வோம். இலங்கையில் வேலை செய்யும் நண்பர்களுக்கும் இது சொந்த வீடு மாதிரி. அங்கே அரசு வேலைகளுக்கான எஸ்.பி.டி./02 படிவம் இந்த 1999 பதிப்பைத் தழுவியதுதான்.

பணத்தைப் பொறுத்தவரை 1999 பதிப்பு கௌரவமானது. மாத அறிக்கை, பணி அளிப்பவர் சார்பில் ஒப்பந்தத்தை நடத்தும் பொறியாளர் கைக்குப் போன 56 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் பணம் தரப்படும் நாணயத்தின் நாட்டு மத்திய வங்கியின் தள்ளுபடி வீதத்தோடு 3 சதவீதம் சேர்த்து வட்டி. பணி அளிப்பவரிடம் பணம் இருக்கிறதா என்று ஆதாரம் கேட்கும் உரிமைகூட 2.4இல் உண்டு. கேட்டால் 28 நாட்களுக்குள் காட்ட வேண்டும். இந்த உரிமையைப் பயன்படுத்தத் துணிந்த ஒப்பந்ததாரரை நான் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இனி 20.1. தோஹாவுக்கு வெளியே ஒரு தனியார் குடியிருப்புத் திட்டம், மழைநீர் வடிகால், ஐந்து மீட்டர் ஆழம். சுண்ணாம்புப் பாறை வரும் என்று எங்களுக்குத் தெரியும், விலையிலும் சேர்த்திருந்தோம். 640ஆவது மீட்டரில் வந்தது வேறு ரகம். அதை முதலில் கண்டுபிடித்தது ராமநாதபுரத்து மேஸ்திரி. பிரேக்கரின் சத்தம் மாறிவிட்டது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. தேய்ந்த பக்கெட் பல் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். "அம்மா, இது பத்து நாள் வர வேண்டியது. இரண்டு நாளில் இப்படி ஆகிவிட்டது. கடிதம் போட்டுவிடுங்கள்." பல்லின் நுனி வழவழப்பாக, கட்டைவிரல் நகம் மாதிரி வளைந்து தேய்ந்திருந்தது.

நான் கடிதம் போடவில்லை. சோதனைக்கூடத்திலிருந்து பாறையின் வலிமை அறிக்கை வரட்டும், எண்களோடு எழுதுவோம் என்று காத்திருந்தேன். அறிக்கை வந்து, வரைபடம் சேர்த்து, அழகாக எழுதி அனுப்பியபோது மேஸ்திரி பல்லைக் கொண்டுவந்து 33 நாட்கள் ஆகியிருந்தன. 20.1 சொல்வது 28 நாட்கள். அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. தவறினால் நாளும் இல்லை, பணமும் இல்லை. பொறியாளரின் பதில் இரண்டு வரி. 41 நாட்கள் நீட்டிப்பும் அதன் செலவும் போயின. நோட்டீஸ் என்பது க்ளெய்ம் அல்ல, நிகழ்வைச் சொல்லும் நான்கு வரி போதும், விவரங்களுக்கு 42 நாட்கள் தனியாக உண்டு என்று புத்தகமே பிரித்துச் சொல்கிறது. அதை நான் நன்றாகப் படித்திருந்தும் கையில் எடுக்கவில்லை. இன்றைக்குப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இந்த 5 நாட்களின் கதையை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அதே வேலையில் இன்னொரு நிகழ்வு. வரைபடம் தாமதமாக வந்தது. இந்த முறை 9ஆம் நாளே நோட்டீஸ் போட்டேன், குறித்த நாளுக்குள் விவரங்களும் கொடுத்தேன். பொறியாளர் 42 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். 42 போயிற்று. 100 போயிற்று. நினைவூட்டல் கடிதங்கள் ஆறு. பதினான்கு மாதங்கள் அந்தக் க்ளெய்ம் தொங்கியது. புத்தகத்தைப் புரட்டினால், அவர் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன என்று 20.1இல் இல்லை. தகராறுத் தீர்ப்புக் குழுவிடம் போகலாம் என்றால், அந்தக் குழுவையே தனி நிபந்தனைகளில், அதாவது அந்த வேலைக்கென்று பொதுப் படிவத்தை மாற்றி எழுதும் பகுதியில், அடித்துவிட்டிருந்தார்கள்.

1999 சிவப்புப் புத்தகத்தின் மீது எனக்குள்ள மிகப் பெரிய குறை இதுதான். எனக்குக் கொடுத்த 28 நாட்கள் கத்தி. அவருக்குக் கொடுத்த 42 நாட்கள் வேண்டுகோள். சர்வதேச வங்கிகளுக்காக ஃபிடிக் வெளியிட்ட இளஞ்சிவப்புப் புத்தகம் 2010 பதிப்பில் இந்த ஓட்டையை அடைத்தது: பொறியாளர் குறித்த காலத்தில் பேசாவிட்டால் க்ளெய்மை நிராகரித்ததாக எடுத்துக்கொண்டு குழுவிடம் போகலாம்.

2017 பதிப்பு இன்னும் தூரம் போகிறது. ஷரத்துகள் 21. 1999இல் பொது நிபந்தனைகள் அறுபது பக்கத்தைச் சற்றுத் தாண்டியவை. இதில் நூறைத் தாண்டிவிட்டன. பலர் இதன் பருமனைக் குறை சொல்கிறார்கள், எனக்கும் முதலில் மலைப்பாக இருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் பக்கங்களில் பெரும்பகுதி நான் 14 மாதங்கள் தேடிய விடைகள். 28 நாள் நோட்டீஸ் இப்போது இரு தரப்புக்கும் உண்டு. பணி அளிப்பவர் ஒப்பந்ததாரரிடம் பிடிக்க நினைத்தாலும் அவரும் நாள் எண்ண வேண்டும். என் நோட்டீஸ் தாமதம் என்று பொறியாளர் நினைத்தால், அது கைக்கு வந்த 14 நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது செல்லுபடியான நோட்டீஸாகக் கருதப்படும். மறு தரப்பு ஆட்சேபிக்க முடியும் என்பது வேறு. முழு விவரங்களுக்கு 84 நாட்கள். பேசித் தீர்க்க 42, தீராவிட்டால் பொறியாளர் முடிவு சொல்ல மேலும் 42. அதற்குள் அவர் வாய் திறக்காவிட்டால் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

நிராகரிப்புதானே, இதில் என்ன நன்மை என்று கேட்கலாம். இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த கதவைத் தட்டலாம். 28 நாட்களுக்குள் அதிருப்தி நோட்டீஸ் கொடுத்து, குழுவிடம் போய், அவர்களிடமிருந்து 84 நாட்களில் முடிவு வாங்கலாம். பதினான்கு மாதங்கள் கதவே தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு அந்த 'இல்லை' எவ்வளவு பெரியது என்று தெரியும்.

நம் நாட்டில் ஃபிடிக் வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, 1997இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறித்த காலம் முடிந்ததும் ஒருவரின் உரிமையை அணைத்துவிடும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஃபிடிக்கின் 28 நாள் தடை இதன் முன் நிற்குமா என்று வழக்கறிஞர்கள் இரு பக்கமும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நம்பி நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள். நான்கு வரிதான். மேஸ்திரி சொன்ன அன்று மாலையே அனுப்புங்கள்.

மூன்றாவது என்.இ.சி. இங்கிலாந்தின் சிவில் பொறியாளர் நிறுவனத்திலிருந்து 1993இல் வந்தது. 1995, 2005, 2017 என்று வளர்ந்து இப்போது நான்காம் பதிப்பு. 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானங்கள் இதன் மூன்றாம் பதிப்பில்தான் நடந்தன. ஹாங்காங் அரசும் பயன்படுத்துகிறது. முதல் முறை திறப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். வாக்கியங்கள் குட்டி குட்டியானவை, எல்லாம் நிகழ்காலம். 'ஒப்பந்ததாரர் செய்ய வேண்டும்' என்று எழுதாமல் 'ஒப்பந்ததாரர் செய்கிறார்' என்று எழுதுகிறது. சட்டத் தமிழ் எழுதிப் பழகிய என் வழக்கறிஞர் நண்பர் ஒருவருக்கு இது பிடிக்கவே இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, பணிக்களத்தில் நிற்கும் டிப்ளமோ படித்த பையன்கூட வாசித்துப் புரிந்துகொள்கிறான்.

எது வந்தாலும் 'இழப்பீட்டு நிகழ்வு' என்ற ஒரே வாசல்தான். 60.1இல் 21 நிகழ்வுகள் வரிசையாக இருக்கின்றன. மாற்றம், தாமதம், நிலத்தடி, வானிலை எல்லாம் அதில் அடக்கம். நாளும் பணமும் சேர்ந்தே மதிப்பிடப்படும். ஒப்பந்ததாரர் தெரிந்த 8 வாரங்களுக்குள் சொல்ல வேண்டும். ஆனால் திட்ட மேலாளரே கொடுத்த உத்தரவால் வந்தது என்றால் அந்த 8 வாரத் தடை கிடையாது. இது நியாயம். தானே உத்தரவு போட்டுவிட்டு 'நீ எனக்குச் சொல்லவில்லையே' என்று யாரும் கேட்க முடியாது. பணமும் வேகம்: மதிப்பீட்டு நாளிலிருந்து ஒரு வாரத்தில் சான்று, மூன்று வாரத்தில் பணம். முதல் கால அட்டவணையைக் கொடுக்காத ஒப்பந்ததாரருக்குச் செய்த வேலையின் மதிப்பில் கால் பங்கு நிறுத்திவைக்கப்படும். அட்டவணையை இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கும் வேறு படிவத்தை நான் கண்டதில்லை.

மௌனத்துக்கு வருகிறேன். ஓ.எம்.ஆர். சாலையில் எங்கள் அலுவலகம், இரவு ஒன்பது மணி, இங்கிலாந்தில் கோடைகால மாலை நான்கரை. சாலை விரிவாக்கத் திட்டம். வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய குழாய் குறுக்கே கிடைத்திருந்தது. ஒப்பந்ததாரர் விலைக்குறிப்பு கொடுத்திருந்தார், 47ஆவது. இரண்டு வாரத்தில் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். கணினித் திரையில் அந்த வரி பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாயிற்று. எங்கள் மேலாளர் விடுப்பில் போனார், இடத்தில் வந்தவருக்கு அந்தக் கோப்பின் வரலாறு தெரியவில்லை. நான் இரண்டு முறை எழுதினேன். அப்புறம் ஒப்பந்ததாரரிடமிருந்து 62.6இன் கீழ் ஒரு பத்தி: நீங்கள் பதில் சொல்லத் தவறிவிட்டீர்கள். அதிலிருந்து இரண்டு வாரம் ஓடியது. பதில் போகவில்லை. விலைக்குறிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதாக ஆயிற்று. பணம் அடுத்த மதிப்பீட்டில் சேர்ந்தது. பேரமே இல்லை.

எங்கள் தரப்பில் கோபம். அந்தத் தொகையில் குறைத்துப் பேச இடம் இருந்தது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று இரவு வீட்டுக்குப் போகும்போது எனக்குத் திருச்சிப் பதிவேட்டின் ஐந்து காலிக் கட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. எங்கோ இங்கிலாந்தில் ஒரு ஒப்பந்தப் பொறியாளர் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அது சரி என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். என்.இ.சி ஆள் தின்னும் படிவம். முன்னெச்சரிக்கைக் கூட்டம், திருத்திய அட்டவணை, விலைக்குறிப்பு, மறு விலைக்குறிப்பு என்று வாரம் தவறாமல் காகிதம் நகர வேண்டும். எங்கள் திட்டத்தில் இரு பக்கமும் சேர்த்து இந்த வேலைக்கு மட்டும் ஒரு அறை நிறைய ஆட்கள். சின்ன வேலைகளுக்குச் சுருக்கப் படிவம் உண்டு என்றாலும், மூன்று கோடி ரூபாய்க்குப் பள்ளிக்கூடம் கட்டும் கரூர் ஒப்பந்ததாரரிடம் கணக்குப்பிள்ளையும் ஒரு சூப்பர்வைசரும்தான் இருப்பார்கள். அவரிடம் இதைக் கொடுத்தால் எட்டு வாரத் தடையில் மாட்டிக்கொள்வார். அங்கே அளவுப் புத்தகம்தான் அவரைக் காப்பாற்றும்.

ஜே.சி.டி பற்றிக் கேட்பவர்களுக்கு: 1931 முதல் இருக்கும் இங்கிலாந்துக் கட்டடப் படிவம், இப்போது 2024 பதிப்பு, படித்திருக்கிறேன், அதில் வேலை நடத்தியதில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் போகிறவர்கள் அரசுப் படிவமான பி.எஸ்.எஸ்.சி.ஓ.சி.யோடு 2004ஆம் ஆண்டின் பணப் பாதுகாப்புச் சட்டத்தையும் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள்; அங்கே பில்லுக்கு மௌனமாக இருப்பவருக்குச் சட்டமே விலை வைக்கிறது.

வாங்குவது பற்றி. கையில் காசு குறைவு, நம் ஊரிலேயே வேலை என்றால் சி.பி.டபிள்யூ.டி பிரதியை அச்செடுத்து, 'எஃப்' அட்டவணைக்கு ஒரு வண்ணக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடன் உதவியில் நடக்கும் வேலைக்கோ வளைகுடாவுக்கோ போகிறீர்கள் என்றால் 1999ஐ முதலில் படியுங்கள், எலும்புக்கூடு அதில்தான் தெரியும். பிறகு 2017ஐ, 2022இல் வந்த திருத்தங்களோடு சேர்த்து வாங்குங்கள். யூரோ விலை நமக்கு அதிகம், நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம். நகலெடுத்த பிரதியில் வரிகள் விடுபட்டு நான் பார்த்திருக்கிறேன். ஒரு வரி விடுபட்ட ஒப்பந்தப் புத்தகம் ஆபத்து. என்.இ.சி.யை வேலை கிடைத்த பிறகு வாங்கினால் போதும். விருப்பத் தேர்வுகளும் வழிகாட்டிகளும் தனித்தனிப் புத்தகங்களாக வருவதால் எது தேவை என்று தெரியாமல் பணத்தைப் போடாதீர்கள்.

எந்தப் புத்தகம் வாங்கினாலும், டெண்டரோடு வரும் தனி நிபந்தனைகள்தான் முதலில் வாசிக்க வேண்டியவை. நல்ல படிவத்தை எடுத்து, பல்லைப் பிடுங்கி, பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஃபிடிக் அமைப்பே 2019இல் ஐந்து பொற்கொள்கைகளை வெளியிட்டு, காலக்கெடுக்கள் நியாயமாக இருக்க வேண்டும், தகராறுகள் முதலில் குழுவிடம் போக வேண்டும் என்றெல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. 28 நாட்களை 7 ஆக்கிய ஒரு டெண்டரை நான் பார்த்திருக்கிறேன். அட்டையில் ஃபிடிக் என்றே இருந்தது.

போன வாரம் கரூரிலிருந்து ஒரு ஒப்பந்ததாரர் வந்தார். ஐம்பது வயது, முதல் முறையாகப் பெரிய வேலைக்கு டெண்டர் போடுகிறார், 2017 சிவப்புப் புத்தகத்தின் அடிப்படையில். தனி நிபந்தனைகளை விரல் வைத்து வரி வரியாகப் படித்தோம். 3.7இல், பொறியாளர் பேசாவிட்டால் என்ன என்று சொல்லும் பத்தி நீக்கப்பட்டிருந்தது. 20.2.2இல் இருந்த 14 நாள் பத்தியும் இல்லை. 28 நாட்கள் மட்டும் அப்படியே இருந்தன. "இதை எடுத்துவிட்டார்கள் என்றால் எனக்கு என்ன அம்மா?" என்று கேட்டார். பழுப்பு நோட்டின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வியாழக்கிழமை ப்ரீ-பிட் கூட்டம் இருக்கிறது. கேள்வியை எழுதிக் கொடுங்கள், நானே வாசிக்கிறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன்: "உட்பிரிவு 3.7இன்படி குறித்த காலத்துக்குள் பொறியாளர் முடிவு தெரிவிக்காத நிலையில் ஒப்பந்ததாரரின் கோரிக்கை எவ்வாறு கருதப்படும் என்பதைத் தெளிவுபடுத்துமாறும், நீக்கப்பட்ட பத்திகளை மீண்டும் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்." அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கரூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.